இரண்டாம் தடவைக்கு ஆள் இல்லாத சங்கீதம்

1

எங்கள் ஊர் இசை அரங்கின் புது வருஷத்து நிகழ்ச்சிப் புத்தகம் நேற்றுத் தபாலில் வந்தது. எங்கள் ஊர் என்றதும் சிங்காநல்லூர் என்று நினைத்துவிடாதீர்கள். பிறந்து வளர்ந்தது அங்கே. இப்போது நானும் என் வீட்டுக்காரர் செந்திலும் குடியிருப்பது ஜெர்மனியின் தெற்கே ஒரு நடுத்தர ஊரில். வந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. பனிக்காலத்தில் இங்கே நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். வீட்டுக்குள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால் சண்டைதான் வருகிறது என்று கச்சேரிக்குச் சந்தா கட்டினோம். சண்டை குறைந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள்.

இங்கே ஒரு கச்சேரி என்றால் பெரும்பாலும் மூன்று உருப்படி. முதலில் ஒரு பழையது. கடைசியில் பெரிதாக இன்னொரு பழையது. நடுவில், இன்னும் உயிரோடிருக்கிற யாரோ ஒருவர் எழுதிய புதியது. ஏன் நடுவில் என்றால், முதலில் வைத்தால் ஜனம் தாமதமாக வரும், கடைசியில் வைத்தால் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடும். நடுவில் வைத்தால் தப்பிக்க வழியே இல்லை. ஒரு கரண்டி நாட்டுச் சர்க்கரை, ஒரு மடக்குக் கஷாயம், மறுபடி ஒரு கரண்டி சர்க்கரை. நம்மூர்ச் சபாக்கள் மட்டும் என்ன வாழ்கிறதாம்? அங்கேயும் இன்றைக்கு ஒருவர் கட்டிய புதுப் பாட்டுக்குத் தனி ஆவர்த்தனம் எல்லாம் முடிந்த பிறகுதான் இடம். அதற்குள் பாதிப் பேர் பஸ் ஸ்டாப்பில் நிற்பார்கள்.

புதியது ஆரம்பித்தால் செந்தில் கண்ணை மூடிக்கொள்வார். கேட்டால், "கண்ண மூடுனாத்தான் நல்லாக் கேக்குது" என்பார். குறட்டையும் அதில் சேர்த்திதான் போலிருக்கிறது.

புத்தகத்தைப் புரட்டும்போதுதான் நினைவு வந்தது, எங்கள் மகள் தாரணியின் சிங்காநல்லூர்க் கச்சேரி நடந்து இந்த மாதத்தோடு ஒரு வருஷம். ஊரில் அதைப் பற்றி ஆளுக்கொரு விதமாகப் பேசிக்கொள்கிறார்களாம். மேடையில் சண்டை என்று ஒரு கட்சி, அவள் வாசிக்கும் செலோ உடைந்துவிட்டது என்று இன்னொரு கட்சி. சண்டையும் இல்லை, உடையவும் இல்லை. நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

2

நான் வேலை பார்ப்பது ஒரு பம்ப் கம்பெனியில், சோதனைப் பிரிவில். "கோயமுத்தூர்ல இல்லாத பம்ப்பா? இதுக்காடி அத்தனை தூரம் போனே?" என்று என் அண்ணன் மோகன் இன்றைக்கும் கேலி செய்வார். என் ஜெர்மன் ஒன்றும் மோசமில்லை. ஆனால் கொஞ்சம் அசந்தால் வாக்கியத்தின் கடைசியில் ஒரு 'ங்க' ஒட்டிக்கொள்ளும். மேலதிகாரியிடமே ஆமாம் என்பதற்கு "யா ங்க" என்று சொல்லியிருக்கிறேன். அது மரியாதைக்கு என்று விளக்கிய பிறகு மனிதருக்கு அது பிடித்துப்போயிற்று. 'ங்க' வராத நாட்களில், "என்ன சுகந்தி, இன்றைக்கு என்மேல் கோபமா?" என்று கேட்கிறார்.

தாரணி எங்களுக்கு ஒரே பிள்ளை. இங்கேதான் பிறந்தாள். வீட்டுக்குள் தமிழ்தான் என்று நான் கறாராக இருந்ததில் ஒரு பலன் உண்டு. எழுத்துக்களைத் தொண்டைக்குள் போட்டு உருட்டினாலும் 'ங்க'வை மட்டும் விடமாட்டாள். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் ஒரு செலோவைக் கட்டிப்பிடித்தவள், இன்றுவரை கையை எடுக்கவில்லை. செலோ வயலினுக்குப் பெரியப்பா மாதிரி. உட்கார்ந்துகொண்டு, முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிக்க வேண்டும்.

பத்தொன்பது வயதில் பெர்லினுக்குப் படிக்கப் போனாள். வாசிப்பதோடு இசை எழுதவும் படித்தாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் வரும். முதலில் ஒரு மணி நேரம் பேசினாள். அப்புறம் அது அரை மணியாயிற்று. அப்புறம், "நல்லாருக்கீங்களாம்மா? நான் அப்பறமாக் கூப்புடறேங்க" என்பதோடு சரி. குறை சொல்லவில்லை, நானும் இந்த வயதில் அம்மாவுக்கு அப்படித்தான் இருந்தேன். ஆனால் ஒன்று. பிள்ளை நமக்குத் தெரியாத பாஷை பேசினால் வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொள்ளலாம். தெரியாத சங்கீதம் எழுதினால் எங்கே போவது?

3

அவள் எழுதியது முதல்முதலாக அரங்கேறியது பெர்லினில், ஒரு காலத்தில் டிராம் வண்டிகள் நின்றுகொண்டிருந்த பழைய கொட்டகை ஒன்றில். தலைப்பு 'இருவருக்கு'. வாசித்த இருவர், செலோவுக்குத் தாரணி, வியோலாவுக்கு அவள் தோழி ஹன்னா. வியோலா என்றால் வயலினைவிடக் கொஞ்சம் பெரியது, குரல் கொஞ்சம் கட்டையானது.

ஆரம்பத்தில் சுரமே கிடையாது. வில்லைத் தந்தியில் மெல்ல இழுக்கிறார்கள், வெறும் காற்றுதான் வருகிறது. உஸ்ஸ்... நிறுத்திவிட்டு இருவரும் வில்லைத் தூக்கியபடியே உட்கார்ந்திருக்கிறார்கள். மறுபடி உஸ்ஸ். நான் செந்தில் காதில், "ஏனுங்க, கெணத்துல தண்ணி கீழ போயி மோட்டார் காத்தை இழுக்கறாப்பல இல்லீங்களா?" என்றேன். முன்வரிசைப் பெண்மணி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் நான் சிங்காநல்லூருக்கே போய்த் திரும்பி வந்தேன்.

முடிந்ததும் தாரணியிடம் பயந்து பயந்து அதையே சொன்னேன். அவள் கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தால் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குதித்தாள். "அதேதாங்கம்மா! தண்ணி வர்றதுக்கு முந்தி இருக்குமே ஒரு காத்திருப்பு, அதுதான்! இத்தனை பேர்ல நீங்க ஒருத்தர்தான் கரெக்டாச் சொன்னீங்க." பம்ப் சோதனைப் பிரிவுக்கு அன்றைக்குக் கிடைத்த மரியாதை அதற்கு முன்னும் பின்னும் கிடைத்ததில்லை.

ஒலிப்பதிவைப் போனில் வாங்கிவந்து சமைக்கும்போதெல்லாம் போட்டேன். முதல் தடவை சத்தம். மூன்றாம் தடவை, இதோ இப்போது நிறுத்துவார்கள் என்று தெரிந்தது. அப்புறம் அந்த நிறுத்தம் வந்தால் நானும் கரண்டியைத் தூக்கியபடி நிற்பேன். நடுவில் ஓரிடத்தில் இரண்டு வாத்தியமும் முதல்முறையாக ஒரே சுரத்தைத் தொடும். அது வரப்போகிறது என்று தெரிந்த பிறகுதான் அது எவ்வளவு அழகு என்று தெரிந்தது. அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. பழைய சங்கீதம் இனிப்பதில் பாதி, அது நமக்கு ஏற்கெனவே தெரிந்திருப்பதுதான். புதியதை யாரும் இரண்டாம் தடவை கேட்பதில்லை. கேட்காவிட்டால் எங்கிருந்து இனிக்கும்?

பத்திரிகையில் விமரிசனமும் வந்தது. 'இந்தியாவின் ஆன்மா மணக்கிறது' என்று எழுதியிருந்தார்கள். "இதுல இந்தியா எங்க இருக்குது? எம் பேருல இருக்குது, அவ்வளவுதான்" என்று தாரணி தலையில் அடித்துக்கொண்டாள்.

அதோடு முடிந்தது. அதற்கப்புறம் அதை வாசிக்க எவரும் கூப்பிடவில்லை. தாரணி கேட்ட இடமெல்லாம், "புதிதாக எழுதித் தாருங்கள், நடந்து முடிந்தது வேண்டாம்" என்றார்களாம். "மொதத் தடவைன்னா 'உலகில் முதன்முறையாக'ன்னு போஸ்டர்ல போடலாம்மா. ரெண்டாந் தடவைக்கு என்னன்னு போடுவாங்க?" என்றாள். கலைஞர்களுக்கான காப்பீட்டில் சேரப் போனால் அங்கே இருந்த அதிகாரி, "எத்தனை இடத்தில் வாசித்திருக்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறார். ஒரே இடம் என்றதும், "அப்படியானால் இது தொழில் இல்லை, பொழுதுபோக்கு" என்று மிகவும் மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிட்டார். இந்த ஊரில் வயிற்றெரிச்சலைக்கூட மரியாதையாகத்தான் கொட்டிக்கொள்ள வேண்டும்.

அந்தச் சமயம் பார்த்து ஓர் இசைப் பதிப்பகத்தில் அலுவலக வேலை வந்தது. முழு நேரம், நிரந்தரம். ஜனவரி முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். "சேந்தா எழுதறதை உட்டுருவேங்கம்மா. ரெண்டையும் சேத்துச் செய்ய எனக்கு வராது. பரவால்லீங்க. ஒருத்தரும் கேக்காததை எதுக்கு எழுதோணும்?" என்றாள். அழவில்லை, சாதாரணமாகச் சொன்னாள். நிரந்தர வேலை கிடைக்க வேண்டும் என்று மருதமலைக்கு வேண்டிக்கொண்டவளே நான்தான். கிடைத்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

4

அண்ணனுக்குப் போன் போட்டுப் புலம்பினேன். மோகன் அண்ணன் சிங்காநல்லூரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். அவருக்குத் தெரிந்த சங்கீதம் கல்யாண மண்டப நாதஸ்வரம் ஒன்றுதான்.

"அட, இதுக்கா இத்தனை வெசனப்படறே? அங்க கூப்புடாட்டிப் போறாங்க. பொங்கலுக்கு வரும்போது நம்மூர்ல ஒருக்கா வெச்சுப்போடலாம். ஹால் நான் புடிக்கறேன், கூட்டம் நாஞ் சேக்கறேன். பாப்பாவுக்கு வேண்டியது என்ன, ரெண்டாந் தடவைதானே? அத நம்ம செலவுல பண்ணிப்போடலாம், உடு."

தாரணி முதலில் சிரித்தாள். அப்புறம் யோசித்தாள். அப்புறம் ஹன்னாவைக் கேட்டாள். ஹன்னா, தோசைக்காகவே வருவதாகச் சொன்னாள். ஹன்னாவுக்கு விசா, தாரணிக்கு வெளிநாடு வாழ் இந்தியர் அட்டையில் பழைய போட்டோவை மாற்றுவது, செலோவுக்கு விமானத்தில் தனி இருக்கை என்று அலைந்தோம். செலோவின் டிக்கெட்டில் முதல் பெயர், குடும்பப் பெயர் எல்லாம் கேட்டார்கள். "அதுக்கும் சாப்பாடு உண்டுங்களா?" என்று செந்தில் கேட்டதற்கு டிக்கெட் போட்ட பெண் உண்மையாகவே கணினியில் தேடிப் பார்த்தாள்.

கோயமுத்தூர் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். வாசித்துக் காட்டச் சொன்னார். தாரணி அங்கேயே உட்கார்ந்து 'இருவருக்கு' ஆரம்பத்தை இழுத்தாள். உஸ்ஸ்... உஸ்ஸ்... அவர் தலையைச் சாய்த்துப் பொறுமையாகக் கேட்டார். "பாவம், ரிப்பேருங்களா? எங்கூட்டுப் பக்கத்துல நல்லா சரி பண்றவர் ஒருத்தர் இருக்காருங்க, நம்பர் தரட்டுங்களா?" என்றார். பரிதாபப்பட்டு வரி எதுவும் போடாமல் விட்டுவிட்டார்.

பஸ் ஸ்டாண்டு அருகே அண்ணன் பிளெக்ஸ் வைத்திருந்தார். 'ஜெர்மனி புகழ் இசைக்குயில்' என்று போட்டிருந்தது. தாரணி வாயைத் திறந்து பாடியதே இல்லை. இடம் போதவில்லை என்று அச்சுக்காரர் செலோவின் கழுத்தை வெட்டிவிட்டதில், அவள் ஏதோ பீரோவைக் கட்டிக்கொண்டு நிற்பது போலிருந்தது. அவளுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. பெர்லினில் அவள் படத்தை யாரும் அவ்வளவு பெரிதாகப் போடவில்லை.

5

இப்போது ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். நம் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கொங்கு நாட்டில் ஒரு விசேஷத்துக்கு யார் வந்தாலும், இருப்பவர்கள் ஒவ்வொருவரும் அவரைப் பார்த்து "வாங்க" என்று சொல்ல வேண்டும். மொத்தமாக ஒருவர் சொன்னால் போதாது. விசேஷம் யாருடையதோ அவர் கட்டாயம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் "என்னை வான்னு ஒரு வார்த்தை கேக்கல" என்று கிளம்பிப் போய்விடுவார்கள். செந்திலின் அக்கா மயிலாத்தா, மதுக்கரையில் இருப்பவர், எனக்கு நாத்தனார், நான் கூப்பிடுவது அண்ணி என்று, தாரணிக்கு அத்தை. ஒரு காதுகுத்தில் யாரோ 'வாங்க' சொல்ல மறந்ததற்காக அந்த வீட்டு வாசலைப் பல வருஷம் மிதிக்காதவர். தாரணிக்கு நான் நடக்கப் பழக்கியதற்கு அடுத்தபடியாகப் பழக்கியது இந்த 'வாங்க'வைத்தான்.

அண்ணன் கச்சேரிக்கு அழைத்ததும் கல்யாண வரவேற்புக்கு அழைப்பதைப் போலவே. "சாயங்காலம் ஆறு மணிக்கு மேல குடும்பத்தோட வந்துருங்க, டிபன் இருக்குது" என்று ஊரெல்லாம் சொல்லியிருந்தார். ஆறு மணிக்கு மேல் என்றால் ஒன்பது வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றுதான் நம்மூரில் அர்த்தம். பிடித்த ஹால் ஒரு பள்ளிக்கூடத்து அரங்கம். நல்ல அரங்கம்தான், ஆனால் வாசல் மேடைக்குப் பக்கத்திலேயே இருந்தது. வருகிறவர்கள் மேடையைத் தாண்டித்தான் உட்காரப் போக வேண்டும்.

தாரணியும் பழையது, தன்னுடையது, பழையது என்றுதான் வரிசை வைத்திருந்தாள். "நீயும் கஷாயத்தை நடுவாலதான் வெக்கறயா?" என்றேன். "பழக்கம் உடுதுங்களா?" என்றாள். முதல் பழையது முடிந்ததும் கைதட்டல் பலமாக இருந்தது. பிறகு 'இருவருக்கு'.

உஸ்ஸ்... நிறுத்தம். அரங்கம் அமைதியாக இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போது வாசல் கதவு திறந்தது. துடியலூரிலிருந்து அண்ணனின் சம்பந்தி வீட்டார், பட்டுப்புடவையோடு, ஆறேழு பேர். முன்வரிசை முழுக்க எழுந்தது.

"வாங்க, வாங்க!"

"வந்தமுங்க. எல்லாரும் நல்லாருக்கீங்களா?"

"இப்பத்தான் வர்றீங்களா? காப்பி குடிச்சீங்களா?"

தாரணி வில்லைத் தூக்கியபடி அப்படியே இருந்தாள். முகம் இறுகிப்போயிற்று. ஹன்னா அவளையே பார்த்தாள். எல்லோரும் உட்கார்ந்த பிறகு மறுபடி உஸ்ஸ். அடுத்த நிறுத்தத்துக்குக் கணக்குப் பார்த்து வைத்தது போல அடுத்த குடும்பம். "வாங்க! வாங்க!" அதற்கடுத்து இன்னொன்று. நான் அண்ணனைப் பார்த்துப் பல்லைக் கடித்தேன். அவர் நான் வாழ்த்துவதாக நினைத்துக்கொண்டு கையை ஆட்டினார். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. பிள்ளைக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே இரண்டாம் தடவை, அதுவும் இப்படி ஆகிறதே என்று.

இரண்டு வாத்தியமும் ஒரே சுரத்தைத் தொடப்போகும் இடம். அதற்கு முன்னால்தான் ஆக நீளமான நிறுத்தம். கதவு திறந்தது. மயிலாத்தா அண்ணி.

முன்வரிசையெல்லாம் "வாங்க" என்றது. அண்ணன் எழுந்து நின்று "வாங்கக்கா" என்றார். நான் சொன்னேன். செந்தில் சொன்னார். ஆனால் அண்ணி நகரவில்லை. மேடைக்கு நேராக, கைப்பையைப் பிடித்துக்கொண்டு, தாரணியைப் பார்த்தபடியே நின்றார். விசேஷம் அவளுடையதல்லவா? அவள் சொல்ல வேண்டும். இங்கே வாய் திறந்தால் அவளுடைய சங்கீதம் போயிற்று, திறக்காவிட்டால் செந்திலின் அக்கா போய்விடுவார்.

தாரணி வில்லை இறக்கவில்லை. கண்ணை மட்டும் தூக்கினாள்.

"வாங்கத்தை" என்றாள்.

"வந்தேன், சாமி. நீ பாரு, உம் வேலையப் பாரு" என்று சொல்லிவிட்டு அண்ணி திருப்தியாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அடுத்த நொடி இரண்டு வில்லும் ஒன்றாக இறங்கின.

6

முடிந்ததும் கைதட்டினார்கள். மரியாதைக்குத் தட்டினார்கள். தாரணி மேடைக்குப் பின்னால் போய்விட்டாள். நான் ஓடினேன். செலோவைச் சுவரில் சாய்த்துவிட்டு முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டிருந்தாள். எதற்கு என்று தெரியவில்லை, அழுகிறாளா, சிரிக்கிறாளா என்றே தெரியவில்லை. இரண்டும்தான்.

அண்ணன் பின்னாலேயே வந்து, "பிரமாதம் கண்ணு! கூட்டம் பாத்தியா?" என்றார்.

"கூட்டத்தக் கொண்டுபோயி ஒடப்புல போடுங்க!" என்று கத்திவிட்டேன். "ஒரு நிமிசம் வாய மூடிட்டு இருக்க முடியலீங்களா உங்களுக்கெல்லாம்? அவ வாசிச்சதே சும்மா இருக்கறதத்தான்!"

அண்ணன் பாவம், திகைத்துப்போனார். "வந்தவங்கள வாங்கன்னு சொல்லாம எப்படி அம்மணி இருக்கறது?" என்றார். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். அவர் இடத்தில் இருந்தால் நானும் சொல்லியிருப்பேன். நானே சொன்னேனே!

"உடுங்கம்மா" என்றாள் தாரணி. "பழசு ஒண்ணு பாக்கியிருக்குது. அத வாசிச்சுட்டு சாப்புடப் போலாம்." எழுந்தாள். அவ்வளவு சாதாரணமாக எழுந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. வேலைக்குச் சேர்கிறேன் என்று சொன்ன அதே குரல்.

அப்போது மயிலாத்தா அண்ணி உள்ளே வந்தார். கல்யாண வரவேற்பென்றால் மேடையேறிப் பொண்ணைப் பார்த்துவிட்டுத்தானே சாப்பிடப் போவது வழக்கம்.

"ஏங் கண்ணு, நான் வர்றதுக்குள்ள பாதி ஆயிப்போச்சாமா?"

"ஆமாங்கத்தை."

"மதுக்கரையில ரயில்வே கேட்டப் போட்டுட்டான். நின்னு நின்னு காலே போச்சு. மொதல்ல என்னமோ காத்தடிச்சாப்பல வாசிச்சியாமே, பக்கத்துல சொன்னாங்க. நான் என்னத்தக் கண்டேன்? நடுவால வந்து உக்காந்தேன், முடிஞ்சுபோச்சுன்னு எல்லாருங் கைதட்டறாங்க." கைப்பையை மேசைமேல் வைத்தார். "இன்னொருக்கா வாசி."

அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அக்கா, டிபன் ஆறிப்போயிருமுங்க" என்றார் அண்ணன் மெதுவாக.

"ஆறட்டும். கடைசிப் பந்தியில உக்கார்றவங்களுக்கு எலையில இனிப்பு வெக்காம, நடுவால இருந்து ரசத்த ஊத்தித் தாட்டி உட்ருவீங்களா? மொதல்ல இருந்து போடோணுமல்லோ? என்னைய வாங்கன்னு கூப்புட்டது அந்தப் புள்ள. கூப்புட்டுப்போட்டு பாதியத்தான் குடுப்பேன்னா எப்படி?"

தாரணி அவரையே பார்த்தாள். "அத்தை, நெசமாத்தான் சொல்றீங்களா? உங்களுக்குப் புடிச்சுதுங்களா?"

"முழுசாக் கேட்டாத்தானே புடிச்சுதா இல்லையான்னு சொல்ல முடியும்? இதென்ன கேள்வி!"

ஹன்னாவுக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன சொல்கிறார் என்று ஜெர்மனில் கேட்டாள். மறுபடி வேண்டுமாம் என்றாள் தாரணி. எது என்று கேட்டாள் ஹன்னா. என்னுடையது என்றாள் தாரணி. ஹன்னா மேற்கொண்டு எதுவும் கேட்காமல் வியோலாவை எடுத்துக்கொண்டு மேடைக்கு நடந்தாள்.

7

கடைசிப் பழையதை விட்டுவிட்டார்கள். அண்ணன் மைக்கைப் பிடித்து, "தாமதமா வந்த ஒறம்பறை சொந்தபந்தங்களுக்காக மறுபடி மொதல்ல இருந்து" என்று அறிவித்தார். அதைவிட நல்ல அறிமுக உரையை எந்த அரங்கிலும் நான் கேட்டதில்லை. பிறகு அவரே வெளியே போய், கதவை மெல்லச் சாத்திவிட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் வாசலிலேயே நின்று "வாங்க" சொல்ல ஆரம்பித்தார். உள்ளே துளிச் சத்தம் வரவில்லை.

உஸ்ஸ்... நிறுத்தம்.

இந்த முறை நான் மேடையைவிட்டு ஜனங்களைப் பார்த்தேன். முதல் தடவை கேட்டவர்கள் இப்போது தெரிந்த வழியில் நடக்கிறவர்களைப் போல உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் பின்வரிசையில் ஒருவர், "முன்ன இந்த எடத்துல இன்னுங் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாங்களே?" என்று பக்கத்தில் முணுமுணுத்தார். இருந்தார்கள்தான், துடியலூர்க்காரர்கள் உட்காரும்வரை. ஆனால் நிறுத்தத்தின் நீளத்தை அந்த மனிதர் நினைவு வைத்திருந்தார் பாருங்கள்! ஜெர்மனியில் இத்தனை வருஷச் சந்தாவில் அப்படி ஒருவரை நான் பார்த்ததில்லை.

செந்தில் என் கையைச் சுரண்டினார். விழித்துக்கொண்டுதான் இருந்தார். "இப்பப் பாரு, ரெண்டும் ஒண்ணாச் சேரும்" என்றார் ரகசியமாக. சேர்ந்தது. எங்கோ ஒரு "ச்சு" கேட்டது. நல்ல பாட்டுக்கு நம்மூரில் தானாக வருமே, அந்த "ச்சு". எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

முடிந்ததும் மயிலாத்தா அண்ணியிடம் தாரணி ஓடிவந்தாள். "இப்பச் சொல்லுங்கத்தை."

அண்ணி நியாயமாக யோசித்தார். "புடிக்குதுன்னு சொல்ல மாட்டேன், சாமி. பொய் எதுக்கு? ஆனா எந்திரிச்சுப் போகவும் முடியல" என்றார்.

தாரணி அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

கடைசிப் பந்தியில் நாங்கள் உட்கார்ந்தபோது இட்லி ஆறித்தான் போயிருந்தது. ஹன்னா தோசையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. தாரணி சாப்பிடாமல் இலை ஓரத்தில் விரலால் கோடு கோடாக இழுத்துக்கொண்டிருந்தாள். இதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. ஜனவரி முடிய எத்தனை நாள்தான் இருந்தது?

"கண்ணு, அந்த வேலைக்கு என்ன பதில் சொல்லப் போறே?" என்றேன்.

கோடு இழுப்பதை நிறுத்தினாள். பிறகு இலையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"அம்மா, ரெண்டும் சேர்ற எடத்துக்கு முந்தி ஒரு தப்பு இருக்குதுங்கம்மா. வியோலா சீக்கிரமா வந்துருது. பெர்லின்ல பயத்துல எனக்கு ஒண்ணுமே கேக்கல. மறுபடி வாசிக்கும்போதுதான் தெரியுது. அத மாத்தோணும். மாத்துனா அதுக்கப்பறம் வர்றதெல்லாம் மாறும். புதுசா எழுதறாப்பலதான்."

"செரி, எழுது. வேலை?"

"எந்த வேலைங்க?" என்றாள்.

பெற்ற பிள்ளை செய்ததில் தப்பு இருக்கிறது என்று கேட்டு இப்படி மனம் குளிர்ந்து உட்கார்ந்திருந்தவள், அன்றைக்குச் சிங்காநல்லூரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன்.